850 டிகிரி சூட்டில் சாம்பல்: எரியும் கொதிகலனிலிருந்து அதை வெளியே எடுப்பது எப்படி? நெய்வேலி சொல்லும் பாடம்

வீட்டில் விறகடுப்பு எரித்தவர்களுக்குத் தெரியும். சமையல் முடிந்து, அடுப்பு ஆறிய பிறகுதான் சாம்பலை அள்ளுவார்கள். ஆனால் அடுப்பு அணையவே அணையாது, இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும் என்றால் என்ன செய்வது?

அனல்மின் நிலையங்களின் நிலை இதுதான். அதிலும் கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இருக்கும் ஒரு வகை கொதிகலனில், சாம்பலை எடுக்கும் விதத்தில் தப்பு நடந்தால் மின் உற்பத்தியே நின்றுவிடும். ஏன் அப்படி?

நெய்வேலியில் என்ன வித்தியாசம்?

என்.எல்.சி. இந்தியா நிறுவனம் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கிறது. இங்குள்ள பெரும்பாலான கொதிகலன்களில் நிலக்கரியை மாவு போல அரைத்து, காற்றோடு கலந்து ஊதி எரிக்கிறார்கள்.

ஆனால் 2015ல் வணிக உற்பத்திக்கு வந்த இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கம் வேறு மாதிரி. தலா 250 மெகாவாட் திறன் கொண்ட அதன் 2 அலகுகளிலும் 'சுழலும் பாய்மப் படுகை' கொதிகலன்கள் இருக்கின்றன. சுருக்கமாக சி.எஃப்.பி.சி.

அப்படின்னா என்ன? உலையில் அரிசி கொதிக்கும்போது பருக்கைகள் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, கொதிகலனுக்குள் இருக்கும் சூடான மணலும் சாம்பலும் கீழிருந்து வரும் காற்றில் மிதந்து துள்ளுகின்றன. அந்தக் கலவைக்குள் விழும் நிலக்கரி எரிகிறது. மேலே பறக்கும் துகள்களை 'சைக்ளோன்' என்ற சுழல் பிரிப்பான் பிடித்து, மறுபடியும் அடுப்புக்கே அனுப்பும்.

உள்ளே வெப்பம் சுமார் 850 டிகிரி செல்சியஸ். சாதாரண கொதிகலனின் தீயைவிட இது குறைவு. கூடவே போடப்படும் சுண்ணாம்புக்கல், கந்தக வாயுவைப் பிடித்துக்கொள்ள ஏற்ற வெப்பமும் இதுதான்.

சாம்பல்தான் இங்கே அடுப்பே

மற்ற கொதிகலன்களில் சாம்பல் என்பது வெறும் கழிவு. இங்கே அப்படி இல்லை. வெப்பத்தைச் சுமப்பதும், நிலக்கரியைச் சீராக எரிய வைப்பதும் அந்தச் சாம்பல் படுகைதான்.

அதனால் அதிகமாக எடுத்துவிட்டால் படுகை மெலிந்து, வெப்பம் கட்டுப்பாட்டை மீறும். எடுக்காமல் விட்டால் படுகை கனத்து, காற்றூதும் விசிறிகள் திணறும். ஒரே இடத்தில் சூடு கூடினால் சாம்பல் உருகிக் கட்டியாகி, வெளியேறும் வழியை அடைத்துவிடும். பிறகு கொதிகலனை நிறுத்தி, ஆறவிட்டு, ஆட்கள் இறங்கித்தான் உடைக்க வேண்டும்.

எவ்வளவு சாம்பல் வரும்?

நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் ஒரு கிலோ நிலக்கரி தேவைப்படும். 500 மெகாவாட் முழுத் திறனில் ஓடினால் மணிக்கு சுமார் 500 டன்.

உதாரணத்துக்கு, அதில் 100க்கு 5 பங்கு சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 டன், ஒரு நாளைக்கு 600 டன். 10 டன் லாரியில் ஏற்றினால் 60 லோடு. சுண்ணாம்புக்கல்லால் சேரும் கழிவு இதற்கு மேல்.

எந்த வழியில் வெளியேறுகிறது?

கனமான அடிச்சாம்பல் படுகையின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்குகிறது. 850 டிகிரியில் இருப்பதை அப்படியே குழாயிலோ பெல்ட்டிலோ விட முடியாது. முதலில் குளிர்விப்பானுக்குப் போகும். அங்கே தண்ணீர்க் குழாய்களும் காற்றும் அதன் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தச் சூட்டைக் கொதிகலனுக்கே திருப்பினால் எரிபொருள் மிச்சம்.

மெல்லிய பறக்கும் சாம்பல் புகையோடு போகிறது. புகைபோக்கிக்கு முன்னால் நிலைமின் வடிகட்டிகள் அதைப் பிடிக்கின்றன. பிறகு காற்றழுத்தத்தால் குழாய் வழியே சேமிப்புக் கலனுக்குத் தள்ளுகிறார்கள்.

தண்ணீர் கலந்து குட்டைக்கு அனுப்பிவிட முடியாதா? இங்கதான் சிக்கல். இந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டால் சூடாகும், சிமென்ட் போல இறுகும், குழாயையே அடைக்கும். அதனால் உலர்வாகவே கையாள்வதுதான் பாதுகாப்பு. உலர்வாக இருந்தால் தூசு பறக்கும் என்பதால், எல்லா இணைப்பும் கசிவில்லாமல் மூடியிருக்க வேண்டும். ஓர் இணைப்பு கசிந்தாலும் முதலில் சுவாசிப்பவர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான்.

பிரஷர் குக்கருக்குள் அடுப்பு இருந்தால்?

நெய்வேலி கொதிகலன் ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தத்தில் இயங்குகிறது. இதே படுகையை 12 முதல் 16 மடங்கு அழுத்தத்தில் எரிக்கும் முறையும் உண்டு. அதுதான் பி.எஃப்.பி.சி. அழுத்தமான சூடான வாயு ஒரு டர்பைனையும், நீராவி இன்னொரு டர்பைனையும் சுற்றும். அதே நிலக்கரியில் கூடுதல் மின்சாரம்.

ஆனால் குக்கரில் பிரஷர் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியுமா? சாம்பலை எடுக்க, 2 அடைப்பான்களுக்கு நடுவே ஒரு கலனை வைக்கிறார்கள். பெயர் 'லாக் ஹாப்பர்'. மேல் அடைப்பானைத் திறந்து நிரப்பி, மூடி, அழுத்தத்தை இறக்கி, அதன் பிறகே கீழ் அடைப்பானைத் திறப்பார்கள். சூடான, உராயும் சாம்பலுக்கு நடுவே இந்த அடைப்பான்கள் திரும்பத் திரும்பத் திறந்து மூட வேண்டும். தேய்மானம் அங்கேதான் அதிகம்.

சைக்ளோன் பிடிக்கும் மெல்லிய சாம்பலுக்கு இன்னொரு வழி கண்டார்கள். பல வளைவுகள் கொண்ட நீளமான குழாயில் அதை ஓட விடுவது. ஒவ்வொரு வளைவிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அடைப்பானே வேண்டாம்.

உலகில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிட் என்ற 70 மெகாவாட் நிலையம் 1990களின் முதல் பாதியில் இதைச் சோதித்தது. அங்கே சூடான வாயுவை வடிகட்ட வைத்த பீங்கான் குழல்களுக்கு நடுவே சாம்பல் பாலம் போல இறுகி, குழல்களையே உடைத்தது. ஜெர்மனியின் காட்பஸ் நகரில் பழுப்பு நிலக்கரியிலேயே இந்த முறை வந்தது. ஜப்பானின் கரிட்டாவில் 360 மெகாவாட் அலகு அமைந்தது. திருச்சி பெல் ஆலையிலும் அழுத்தப் பாய்மப் படுகையில் நிலக்கரியை வாயுவாக்கும் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் இருந்தது. ஆனாலும் உலகில் இந்த முறை பரவலாகவில்லை. சாம்பல் தந்த தொல்லையும் அதற்கு ஒரு காரணம்.

கடைசியில் சாம்பல் எங்கே போகும்?

2021 டிசம்பர் 31ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, நிலக்கரி, பழுப்பு நிலக்கரி மின் நிலையங்கள் தங்கள் சாம்பலை 100 சதவீதம் பயன்படுத்த வேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும்.

செங்கல், சிமென்ட், சாலை, பள்ளம் நிரப்புதல் என வழிகள் உண்டு. ஆனால் பாய்மப் படுகைச் சாம்பலை சாதாரணச் சாம்பல் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். இதிலுள்ள சுண்ணாம்பும் கந்தகச் சேர்மமும் பின்னால் ஈரம் பட்டு உப்பலாம், கல் வெடிக்கலாம். சாம்பலுக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 3812, அரைத்த நிலக்கரிச் சாம்பலை மனதில் வைத்து எழுதப்பட்டது. எனவே செங்கல் சூளை வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எந்தக் கொதிகலன் சாம்பல்?' என்பதுதான். அடுத்து, சுண்ணாம்பு, கந்தக அளவைப் பரிசோதித்த சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய கொதிகலன் பற்றிப் பேசும்போது எத்தனை மெகாவாட், எவ்வளவு செலவு என்றே கேட்கிறோம். சாம்பல் எந்த வழியாக இறங்கும், எப்படி ஆறும், யார் வாங்குவார்கள் என்பதையும் வரைபடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். கட்டி முடித்த பிறகு யோசித்தால், அந்தச் செலவைச் சுமப்பது மின்கட்டணம் கட்டுபவரும் அடுப்படியில் நிற்கும் தொழிலாளியும்தான்.