வீட்டுக் கணினியின் தீச்சுவரும் நம்பத்தக்கார்க்கு வாயில் திறத்தலும்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் இன்று இலண்டனிலும் மெல்பேணிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரோ மஹய்யாவையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தம் பழைய இல்லங்களிலேயே இருக்கின்றனர். காணி உறுதிகளின் பிரதிகள், வங்கிக் கணக்கு விவரங்கள், ஓய்வூதியக் கடிதங்கள், பேரப்பிள்ளைகளின் படங்கள் ஆகிய யாவும் வீட்டுக் கணினி ஒன்றனுள் அடங்கிக் கிடக்கின்றன. அக்கணினி பழுதுறும்போது கடல் கடந்திருக்கும் மகனே அதனைத் திருத்தித் தர முன்வருகின்றான். அவன் உள்ளே வர ஒரு வழி வேண்டும். அவ்வழியே பிறர் புகுதல் ஆகாது. இஃது எங்ஙனம் கைகூடும் என்பதையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தீச்சுவர் என்பது கட்டடக் கலையிலிருந்து வந்த சொல். ஒரு மனையிற் பற்றிய தீ அடுத்த மனைக்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் சுவருக்கு ஆங்கிலத்தில் ஃபயர்வோல் என்று பெயர். கணினித் துறையார் 1980களின் பிற்பகுதியில் இதனை எடுத்தாளத் தொடங்கினர். ஆயினும் உவமை முற்றும் பொருந்துவதன்று. சுவர் எவரையும் தெரிந்து விடுவதில்லை. கணினியின் தீச்சுவரோ ஆளை ஆராய்ந்து விடுவது. ஆதலின் அதனை வாயிற்காவல் என்பதே தகும்.

வாயிற்காவலுக்கு உவமை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டின் மலைவழிக் காவல்களை விவரித்துள்ளார். முட்கிளைகளாற் பின்னிய கதவுகள் வழிகளிற் தொங்கவிடப்பட்டிருந்தன; போவோர் வருவோர்க்காக அவை உயர்த்தப்பட்டன. கடந்து செல்ல உரிமை பெற்றோர்க்கு அரசவையில் களிமண்ணிற் பதித்த முத்திரை வழங்கப்பட்டது. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம். கூலியாளுக்குக் காவடித்தண்டின் இருபுறமும் பொதி தொங்கச் சுமக்கும் உருவம். எத்தனை பேர் செல்ல வேண்டுமோ அத்தனை உருவங்கள். யார், எத்தொழிலுக்கு, எத்தனை பேர் என்ற மூன்றும் ஒரு பிடி மண்ணில் அடங்கிவிட்டன! நாம் இன்று வழங்கும் கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்னும் இரண்டும் 'கடவு' என்ற ஒரே சொல்லிற் பிறந்தவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கணினியின் காவலும் இவ்வாறே கேள்வி கேட்கின்றது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திப்பொதியிலும் அனுப்பிய இடத்தின் முகவரியும், அது நாடும் வாயிலின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நம் கணினி தானே கேட்டுப் பெறும் விடையைத் தீச்சுவர் நினைவில் வைத்திருந்து உள்ளே விடும். கேளாது வருவதைத் தடுக்கும். ஆகவே செய்தித்தாள் படிப்பதற்கோ மின்னஞ்சல் பார்ப்பதற்கோ எவ்வாயிலையும் திறக்க வேண்டுவதில்லை. வின்டோஸ் எக்ஸ்பீயின் இரண்டாம் திருத்தத் தொகுதி வெளிவந்த 2004ஆம் ஆண்டு முதல் இக்காவல் இயல்பாகவே இயங்கி வருகின்றது.

மகனுக்கு வழிவிட வேண்டின், வின்டோஸ் தீச்சுவரின் மேம்பட்ட அமைப்புப் பக்கத்தில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' என்ற பகுதியிற் புதுவிதி ஒன்று எழுதல் வேண்டும். எந்த வாயில் என்று குறிப்பதுடன் பலர் நின்றுவிடுகின்றனர். 'ஸ்கோப்' என்னும் ஏட்டில் எம்முகவரியிலிருந்து வருவோர்க்கு மட்டும் என்று வரையறுப்பதே முதன்மையானது. அதனை வெறுமையாக விட்டால், கூலியாளின் முத்திரையை உலகத்தார் அனைவர்க்கும் வழங்கியது போலாகும். தடுக்கும் விதியும் அனுமதிக்கும் விதியும் ஒன்றோடொன்று முரணினால் தடுக்கும் விதியே வெல்லும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. மகன் வீட்டு இணைய முகவரி நிலையானதன்று. அவனுக்கு இணைப்பு வழங்கும் நிறுவனம் அதனை மாற்றிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் வழி அடைபட, 'எவரும் வரலாம்' என்று விதியைத் தளர்த்தி, ரவுட்டரிலும் வாயிலைத் திறந்து விடுகின்றனர். தொலைவிலிருந்து திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பின் வாயில் எண் 3389. அதிற் கண்டறியப்பட்ட புளூகீப் என்னும் குறைபாடு கடவுச்சொல் இன்றியே புக இடமளித்தமையால், 2019 மே மாதத்தில் மைக்ரோசொஃப்ட் தான் கைவிட்ட எக்ஸ்பீக்கும் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அதற்கு ஈராண்டு முன், 2017 மே மாதத்தில், 445ஆம் வாயில் வழியாகப் பரவிய வன்னாக்ரை கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு, பிரித்தானிய மருத்துவமனைகளின் பணியையே நிலைகுலையச் செய்தது. திறந்த வாயில்களைத் தேடும் நிரல்கள் இணையமெங்கும் இடையறாது தட்டிக்கொண்டிருக்கின்றன. மஹய்யாவை வீட்டை யார் தேடி வரப் போகிறார் என்பது பொருந்தா எண்ணம். அவை வீட்டைத் தேடுவன அல்ல, எண்களைத் தேடுவன.

முகவரி என்பது வந்த வழியைக் காட்டுமேயன்றி வந்தவர் யார் என்பதைக் காட்டாது. முத்திரைக்கு ஒப்பானது திறவுகோலே. வயர்கார்ட் என்னும் இலவச மென்பொருள், மகனின் கணினிக்கும் வீட்டுக்கும் இடையே மறைகுறி பெற்ற தனிப்பாதை அமைக்கின்றது. உரிய திறவுகோல் இன்றித் தட்டுவோர்க்கு அது மறுமொழியே கூறாது. ஆங்கு வாயில் உண்டென்பதையும் அவர் அறியார். பாதையினுள் மகனுக்கு நாமே ஒரு முகவரி வழங்குகின்றோம், 10.8.0.2 என்பது போல. அது மாறாது. வின்டோஸ் விதியின் 'ஸ்கோப்' ஏட்டில் அதனை மட்டும் எழுதினாற் போதும். ரவுட்டரில் வயர்கார்டின் ஒரு வாயிலே திறக்கப்படும். 3389 வெளியுலகுக்கு மூடியே இருக்கும்.

கைப்பேசி அலைவழி இணைப்புப் பெற்ற வீடுகளில் இதுவும் எளிதிற் கைகூடாது. அங்கே பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரி பகிர்ந்தளிக்கப்படுதல் உண்டு. ரவுட்டர் தன் வெளிமுகவரியாகக் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கின் இந்நிலையே என்று கொள்க. அப்போது டெய்ல்ஸ்கேல் போன்ற சேவை உதவும். அது வயர்கார்ட் பாதையையே உள்ளிருந்து வெளிநோக்கித் தொடங்குவது.

வின்டோஸின் 'ஹோம்' பதிப்பு ரிமோட் டெஸ்க்டொப்பால் பிறரை ஏற்பதில்லை. அன்றியும் ஆண்டுக்கு இருமுறை உதவி வேண்டுவோர்க்கு இத்தனை ஏற்பாடு மிகை. அவர்க்கு 'குயிக் அசிஸ்ட்' போதும். உதவுவோர் ஒரு குறியீட்டைத் தொலைபேசியிற் சொல்ல, பெற்றோர் அதனை இட்டு இசைவளித்த பின்னரே திரை அவர் வசப்படும். தீச்சுவரில் எதனையும் திறக்க வேண்டுவதில்லை. எனினும் வஞ்சகர் இதே கருவியைக் கையாண்டமை குறித்து மைக்ரோசொஃப்ட் 2024இல் எச்சரித்தது. குறியீடு கூறி அழைப்பவரின் குரல் தம் மகனுடையதுதானா என்று தாயும் தந்தையும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். ஐயமிருப்பின் தொலைபேசியை வைத்துவிட்டுத் தாமே மகனை மீள அழைத்தல் நன்று.

எல்லாம் அமைந்த பின் சோதித்தல் வேண்டும். வீட்டு இணைப்பைத் துண்டித்த கைப்பேசியொன்றில் அதன் சொந்த அலைவழியாக வீட்டின் 3389ஆம் வாயிலை அணுகிப் பார்க்க: அது தோல்வியுற வேண்டும். பின்னர் மகன் தன் திறவுகோலுடன் அணுகுக: அது வெற்றி பெற வேண்டும். முதற்சோதனையைப் பெரும்பாலோர் செய்வதேயில்லை.