கடை மூடினாலும் எஞ்சும் முதல்

உணவகம் தொடங்கக் கடன் கோரி வருவோரிடம் இடம், வாடகை, எதிர்பார்க்கும் விற்பனை ஆகியவற்றை நாம் கேட்டறிகிறோம். கடையை மூட நேர்ந்தால் எது எஞ்சும் என்பதும் கேட்கத்தக்க வினாவே. பெங்களூருவின் எம்.டி.ஆர். நிறுவன வரலாறு அதற்கு விடை தருகிறது.

உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த யக்ஞநாராயண மய்யா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய சிற்றுண்டிச்சாலையே பின்னாளில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் எனப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி அரிதானபோது ரவை இட்லியை உருவாக்கியது தாங்களே என்கிறது அந்நிறுவனம்.

1975இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது உணவக விலைகளுக்கு அரசு உச்சவரம்பு விதித்தது. அவ்விலையில் தரம் காக்க இயலாமையால் உணவகம் மூடப்பட்டது. பணியாளர்களின் பிழைப்புக்கு வழி வேண்டும். ஆகவே சமையலறையின் பக்குவம் மாவுக் கலவைகளாகவும் மசாலாப் பொடிகளாகவும் பொட்டலங்களில் விற்பனைக்கு வந்தது.

உணவகம் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டு, சிங்கப்பூர் வரை கிளை பரப்பியது. பொட்டல உணவுத் தொழிலோ பெருநிறுவனமாக வளர்ந்து, 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்தின் வசமாயிற்று.

உணவுத்தொழில் புரியும் வாடிக்கையாளர்கள் தம் செய்முறைகளை அளவோடு எழுதிவைப்பதும், வணிகப் பெயரைப் பதிவு செய்வதும், தேர்ந்த பணியாளரைத் தக்கவைப்பதும் நலம். அடுப்பு அணைந்த நாளிலும் கைகொடுக்கும் முதல் இவையே.