பழைய விண்டோஸுக்குக் கெடு வைப்பது யார்?

கணினி விளையாட்டுகளின் கதை – 17

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி கேம் ஆடுகிறவர்கள் மத்தியில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது: பத்திலேயே இருப்பதா, பதினொன்றுக்குப் போவதா? 2007-இல் எக்ஸ்பியா விஸ்டாவா என்றும், 2015-இல் ஏழா பத்தா என்றும் கேட்ட அதே கேள்விதான் இது. ஒவ்வொரு முறையும் இரண்டு அணிகள் உருவாகின. புதியதில்தான் வேகமும் கிராபிக்ஸ் அழகும் என்றது ஒன்று. பழையதுதான் இலகு, அதுதான் நம்பகம் என்றது இன்னொன்று. இரண்டு அணிகளும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. புதிய இயங்குதளம் எதைத் தரப்போகிறது என்ற வாக்குறுதியை நம்பி அவசரமாக மாறியவர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் அதிகம் பெறவில்லை. பழையதை யார், எப்போது கைவிடுகிறார்கள் என்று கவனித்து மாறியவர்களுக்குப் பணமும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

வாக்குறுதிகளின் வரலாற்றை விஸ்டாவிலிருந்து பார்க்கலாம். 2007 ஜனவரி 30-இல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் டைரக்ட்எக்ஸ் 10 கிடைக்கும், எக்ஸ்பிக்குக் கிடையாது என்றது மைக்ரோசாஃப்ட். இதை வரை, இப்படி நிழல் போடு என்று கிராபிக்ஸ் கார்டுக்கு கேம் ஆணையிடும் வழிதான் டைரக்ட்எக்ஸ். அதை விஸ்டாவோடு கட்டிப்போட்டதில் பொறியியல் நியாயம் கொஞ்சம் இருந்தது. டிரைவர் எழுதும் முறையே விஸ்டாவில் மாறியிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தை இயங்குதளமே நிர்வகிக்கத் தொடங்கியது, டிரைவரின் பெரும்பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலை விட்டு வெளியே வந்தது. எக்ஸ்பியில் கிராபிக்ஸ் டிரைவர் விழுந்தால் நீலத் திரை வந்து மொத்தக் கணினியும் நின்றுபோகும். விஸ்டாவில் திரை ஒரு கணம் இருண்டு, டிரைவர் மட்டும் மறுபடி எழுந்துகொள்ளும். நல்ல மாற்றம்தான். ஆனால் அதே ஆண்டு மே மாதம் வந்த ஹேலோ 2-ஐ விஸ்டாவில் மட்டுமே ஆட முடியும் என்றதற்கு இந்த நியாயம் பொருந்தாது. 2004-இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த கேம் அது. அதன் கணினிப் பதிப்பும் டைரக்ட்எக்ஸ் 9-இல்தான் ஓடியது. சில வாரங்களிலேயே வெளியாட்கள் தடையை நீக்கி அதை எக்ஸ்பியில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். நவம்பரில் வந்த கிரைசிஸில் ‘வெரி ஹை’ என்ற உச்சத் தரம் விஸ்டாக்காரர்களுக்கு மட்டும் என்று மெனுவில் பூட்டப்பட்டிருந்தது. கான்ஃபிக் கோப்பில் சில வரிகளை மாற்றியதும் அதில் பெரும்பகுதி எக்ஸ்பியிலேயே திறந்துகொண்டது. இன்னொரு பக்கம், விஸ்டாவுக்கு ஓடிப்போனவர்கள் கையில் இருந்ததையும் இழந்தார்கள். டைரக்ட்சவுண்டுக்கான வன்பொருள் ஆதரவு எடுக்கப்பட்டதால், காசு கொடுத்து வாங்கிய சவுண்ட் கார்டின் முப்பரிமாண ஒலி பல கேம்களில் ஊமையானது. 2007-இல் திரட்டிய கணக்கில், விஸ்டா முடங்கிய நிகழ்வுகளில் கிட்டத்தட்ட 30 சதவீதம் என்விடியா டிரைவரால் நேர்ந்தவை என்பது பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோதும் இதே கதைதான். டைரக்ட்எக்ஸ் 12 வேண்டுமா, பத்துக்கு வாருங்கள் என்றார்கள். 2019 மார்ச்சில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விண்டோஸ் 7-இலேயே டைரக்ட்எக்ஸ் 12-ஐக் கொண்டு ஓடத் தொடங்கியது. அதற்கு வழி செய்து கொடுத்ததும் மைக்ரோசாஃப்ட்தான். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077-இன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலும் விண்டோஸ் 7 இருந்தது. பதினொன்றின் முறை வந்தபோது அவ்வளவு காலம்கூடப் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்.எஸ்.டி.யிலிருந்து கேமை மின்னல் வேகத்தில் ஏற்றும் டைரக்ட்ஸ்டோரேஜ், 2021 ஜூனில் பதினொன்றின் தனிச்சிறப்பாக அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் பத்துக்கும் உண்டு என்று திருத்தினார்கள். அதைப் பயன்படுத்திய முதல் கணினி கேம் 2023 ஜனவரியில்தான் வந்தது. ஆக, புதிய விண்டோஸைக் காட்டி விற்கப்பட்ட கிராபிக்ஸ் வசதி ஒன்று பழையதற்கும் வந்து சேர்கிறது, அல்லது அதைப் பயன்படுத்தும் கேம்கள் வருவதற்கே ஆண்டுகள் ஆகின்றன.

வேகத்தை முன்வைத்து இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 2021 நவம்பரில் வந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறை பிராசஸர்களில் பெரிய கோர், சிறிய கோர் என இரண்டு வகை உண்டு. எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று பிராசஸரே தரும் குறிப்புகளைப் படிக்கும் வகையில் எழுதப்பட்டது விண்டோஸ் 11. அந்தப் பிராசஸரோ அதற்குப் பின் வந்ததோ வைத்திருப்பவர் பத்தில் தங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் இது பிராசஸருக்கும் இயங்குதளத்துக்கும் உள்ள பொருத்தம். இயங்குதளத்தின் வயதுக்கு இதில் வேலையில்லை. 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வந்தபோது ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசஸர்களில் கேஷ் நினைவகம் மந்தமாகி, சில போட்டி கேம்களில் வேகம் 10 முதல் 15 சதவீதம்வரை குறையக்கூடும் என்று ஏ.எம்.டி.யே அறிவித்தது. அந்த மாதக் கடைசிக்குள் அது சரிசெய்யப்பட்டது என்றாலும், முதல் வாரத்தில் மாறிய ரைசன்காரருக்கு புதியது என்பது வேகக்குறைவாகவே இருந்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு வந்த 24எச்2 அப்டேட்டில் அசாசின்ஸ் கிரீட் வரிசையின் சில கேம்கள் உறைந்து நின்றன. அவற்றை வைத்திருந்த கணினிகளுக்கு அப்டேட்டையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. புதிதாக நிறுவும் விண்டோஸ் 11-இல் இயல்பாகவே ஓடும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி சில கேம்களின் வேகத்தைக் குறைக்கலாம், ஆடும்போது அணைத்துவைத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் மைக்ரோசாஃப்டே வழிகாட்டியது. ஓரிரு பிரேம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக இயங்குதளத்தை மாற்றுவது வீண் வேலை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பழைய விண்டோஸுக்குக் கெடு வைப்பவர்கள் மூன்று பேர். மைக்ரோசாஃப்ட், கிராபிக்ஸ் கார்டு நிறுவனம், கேமை எழுதி விற்பவர்கள். மூவரின் தேதியும் ஒன்றாக இருப்பதே இல்லை. விண்டோஸ் 7-ஐ எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் கெடு 2020 ஜனவரி 14. என்விடியா புதிய கேம்களுக்கான டிரைவரை நிறுத்தியது 2021 இலையுதிர் காலத்தில். கேம் விற்கும் தளமான ஸ்டீம் கைவிட்டது 2024 ஜனவரி 1-இல். எக்ஸ்பியில் வரிசை தலைகீழ். மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல்வரை இருந்தது. ஆனால் 2010-இல் வந்த ஜஸ்ட் காஸ் 2, 2011-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 3 இரண்டும் டைரக்ட்எக்ஸ் 10 இல்லாமல் ஓடவே ஓடாது. புதிய கேம் ஆட விரும்பியவருக்கு எக்ஸ்பியின் ஆயுள் அன்றே முடிந்துவிட்டது. விஸ்டா வந்த நாளில் டைரக்ட்எக்ஸ் 10 யாருக்கும் தேவைப்படவில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தவிர்க்க முடியாததானது. இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளை எக்ஸ்பியிலேயே கழித்து, 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-க்கு நேராகத் தாவியவர்கள் விஸ்டாவின் எல்லாத் தொல்லைகளையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

பாதுகாப்பு என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் போடுவதற்கு அப்டேட்டே இருக்காது. ஸ்டீம் கணக்கில் பல ஆண்டு வாங்கிச் சேர்த்த கேம்களும், அதே கணினியில் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர் அப்படி ஒன்றை இணையத்தில் ஓட்டக்கூடாது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் பெறும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வீட்டுக் கணினிகளுக்கும் தந்திருக்கிறது. 30 டாலர் கட்டலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துக் கட்டணமில்லாமல் பெறலாம். பத்தில் இருப்பேன் என்று முடிவெடுத்தவருக்கு இதில் பதிவு செய்வதுதான் முதல் வேலை.

பழைய கேம்களுக்குப் பழைய விண்டோஸ்தான் வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் முதல் பதிப்பை விண்டோஸ் 7-இல் திறந்தவர்களுக்குப் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிந்தது. 1999-இல் வந்த அந்த கேம் 256 நிறங்கள் கொண்ட ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு வரைகிறது. விண்டோஸின் எக்ஸ்புளோரர் பின்னாலிருந்து அந்த அட்டவணையின் சில கட்டங்களைத் தன் நிறங்களால் நிரப்பிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு கேமைத் தொடங்கினால் புல் பச்சைக்குத் திரும்பும். சில பழைய கேம்களில் கேம் 32-பிட், அதை நிறுவும் செட்டப் நிரல் மட்டும் 16-பிட். 64-பிட் விண்டோஸ் 16-பிட்டைத் தொடாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. எல்லாவற்றையும்விட மோசமானது சேஃப்டிஸ்க். திருட்டு சிடியைத் தடுக்க கெர்னலுக்குள் உட்காரும் ஒரு டிரைவர் அது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று விண்டோஸ் 10-இல் அதை விலக்கினார்கள்; 2015 செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கினார்கள். முறையாகக் காசு கொடுத்து ஒரிஜினல் சிடி வாங்கியவர்கள்தான் ஆட முடியாமல் நின்றார்கள். இது பெரும் அநீதி. ஆனாலும் இதற்காக அன்றாடக் கணினியைப் பழைய விண்டோஸில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. டாஸ் காலத்து கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. பழைய டைரக்ட்எக்ஸை இன்றைய கார்டுக்கு மொழிபெயர்த்துத் தரும் டிஜிவூடூ இருக்கிறது. பூட்டு நீக்கிய பழைய கேம்களை 2008 முதல் விற்றுவரும் ஜிஓஜி இருக்கிறது. எதற்கும் மசியாத கேமுக்கு, இணையம் இல்லாத பழைய கணினி ஒன்றில் எக்ஸ்பியைப் போட்டுக்கொள்ளலாம்.

சேஃப்டிஸ்கை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அது இன்று வேறு உருவில் திரும்பி வந்திருப்பதுதான். ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் நிரல்கள் பலவும் கெர்னலில்தான் உட்காருகின்றன. இன்றைக்கு மிகக் கண்டிப்பான கெடுவை வைப்பவர்கள் இவற்றை எழுதுபவர்களே. விண்டோஸ் 11 வந்தபோது, அதில் வேலரன்ட் ஆட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் கட்டாயம் என்று அதன் ஆன்டி-சீட்டான வேன்கார்ட் கேட்டது. பத்தில் இருந்தவர்களிடம் அன்று அதைக் கேட்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் விற்கும் பழைய அலுவலகக் கணினிகளில் இன்டெலின் 4-ஆம் தலைமுறை ஐ5 சாதாரணம். விண்டோஸ் 11 கேட்பதோ 8-ஆம் தலைமுறை. தேவைச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி அதில் பதினொன்றை நிறுவியவர்கள், பத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலரன்ட்டை இழந்தார்கள். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6, எந்த விண்டோஸாக இருந்தாலும் செக்யூர் பூட் வேண்டும் என்றது. ஆகவே, மாறுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பட்டியலில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்றிருந்தால் செக்யூர் பூட் இயங்காது, அதற்கு யு.இ.எஃப்.ஐ. வேண்டும். ஆனால் உடனே பயாஸுக்குள் போய் அதற்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இன்றைய முடிவு கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்து மாறும். ஆர்.டி.எக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10-இலும் 2026 அக்டோபர்வரை புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதாக என்விடியா 2025-இல் அறிவித்தது. நீட்டிப்புத் திட்டமும் அதே மாதம் முடிவதால், ஆர்.டி.எக்ஸ் வைத்திருப்பவர் அதற்குள் மாறிவிடுவது நல்லது. ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருப்பவர் நிலை வேறு. அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு எந்த விண்டோஸிலும் நின்றுபோனது. ஆகவே பதினொன்றுக்கு மாறினாலும் அவருக்குக் கிடைப்பது பாதுகாப்பு மட்டுமே. கேமுக்காக என்றால் அவர் சேமிக்க வேண்டியது கார்டுக்கு. பதினொன்று ஏறாத கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை, ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-இல் தந்ததிலிருந்து தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை அங்கே ஓடுகின்றன. வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. அங்கும் கார்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டைரக்ட்எக்ஸ் ஆணைகளை மொழிபெயர்க்கப் புரோட்டான் நம்பியிருக்கும் டிஎக்ஸ்விகே, 2022 முதல் வல்கன் என்ற இன்னொரு கிராபிக்ஸ் ஆணை முறையின் 1.3 பதிப்பைக் கேட்கிறது. ஜிடிஎக்ஸ் 750 டிஐ-யில் அது உண்டு. ஜிடிஎக்ஸ் 660-க்கான கடைசி டிரைவர் 1.2-உடன் நின்றுவிட்டதால், அந்தக் கார்டு உள்ளவர்கள் டிஎக்ஸ்விகேயின் பழைய பதிப்பைத் தேடித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)