பேச்சை நிறுத்தினார், பாடம் புரிந்தது!

ஒரு பெரிய லாரியும் ஒரு சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரைத் தாக்கும் விசை பெரிதா? கார் லாரியைத் தாக்கும் விசை பெரிதா?

"இது என்ன கேள்வி? லாரிதான் பலமாகத் தாக்கும்" என்று பலரும் சொல்வார்கள்.

அது தவறு! இரண்டு விசைகளும் சமம். காரின் எடை குறைவு. அதனால், அதே விசை காரை அதிகமாகத் தள்ளிவிடுகிறது. இது விஞ்ஞானி நியூட்டன் கண்ட விதி.

இந்தச் சின்னக் கேள்வி ஒரு பெரிய பேராசிரியரையே திகைக்க வைத்தது. அவர் பாடம் நடத்தும் முறையை அடியோடு மாற்றியது.

நல்ல வாத்தியார்

அந்தப் பேராசிரியரின் பெயர் எரிக் மசூர். நெதர்லாந்து நாட்டில் பிறந்தவர். 1984-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். பௌதிகம் கற்பித்தார்.

அவர் பேசுவார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். கடினமான கணக்குகளையும் பரீட்சையில் போட்டுவிடுவார்கள். "நல்ல வாத்தியார்" என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

1990-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரையைப் படித்தார். அரிசோனாவைச் சேர்ந்த 2 ஆராய்ச்சியாளர்கள் எழுதியது. கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்த பிறகும், மாணவர்கள் பலருக்கு அடிப்படையே புரியவில்லை என்று அதில் கண்டிருந்தது.

தம்முடைய மாணவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்று மசூர் நம்பினார். சோதித்துப் பார்த்தார். கணக்கு இல்லை. சூத்திரம் இல்லை. லாரி-கார் கேள்வியைப் போன்ற சாதாரணக் கேள்விகள்தான்.

அப்போது ஒரு மாணவர் ஒரு சந்தேகம் கேட்டார். மசூர் சொல்லிக்கொடுத்தபடி எழுதவேண்டுமா, அல்லது தாமாக நினைப்பதை எழுதவேண்டுமா என்று!

மசூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடைத்தாள்களைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. பெரிய கணக்குகளைப் போட்டவர்கள், சிறிய கேள்விகளில் இடறி விழுந்திருந்தார்கள். போடும் வழியைப் பழகியிருந்தார்களே தவிர, பொருள் புரியவில்லை.

ஒரே கூச்சல்!

ஒரு கேள்வியை மசூர் விளக்கினார். புரியவில்லை. மறுபடியும் விளக்கினார். அப்போதும் புரியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், "பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள்" என்றார்.

வகுப்பில் ஒரே கூச்சல்! ஆனால் சில நிமிடங்களில் மாணவர்கள் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காரணம் என்ன? பேராசிரியர் அந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன. எந்த இடத்தில் இடறும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. மாணவனோ இப்போதுதான் புரிந்துகொண்டவன். சிக்கல் எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

1991-ம் ஆண்டு முதல் இதையே ஒரு முறையாக ஆக்கினார். பாடத்தை மாணவர்கள் வீட்டிலேயே படித்து வரவேண்டும். வகுப்பில் அவர் கொஞ்சம் பேசுவார். உடனே ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்லவேண்டும்.

100-க்கு 70 பேருக்கு மேல் சரியாகச் சொன்னால், அடுத்த பாடம். 30 பேருக்கும் குறைவாகச் சொன்னால், மறுபடி விளக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், மாணவர்கள் தங்களுக்குள் விவாதிப்பார்கள். பிறகு மறுபடியும் விடை சொல்வார்கள்.

மின்சார சிலேட்டு

யார் என்ன விடை சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? முதலில் கையைத் தூக்கச் சொன்னார். அட்டையைக் காட்டச் சொன்னார். பக்கத்து ஆளைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? பிறகு பொத்தான் கருவி வந்தது. அதன் பிறகு 'டேப்லெட்' வந்தது.

டேப்லெட் என்பது ஒரு மின்சார சிலேட்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலப்பத்தால் எழுதினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் விரலால் எழுதுகிறார்கள்.

2011-ம் ஆண்டில் மசூரும் சகாக்கள் இருவரும் இதற்காக ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். மாணவர் விடையை எழுதலாம், படமாகவும் வரையலாம். எல்லோருடைய விடையும் ஒரே நொடியில் ஆசிரியருக்குத் தெரியும். அதோடு, வேறு விடை எழுதியவர் யார் என்று பார்த்து, "அவரோடு பேசு" என்று மாணவருக்கு வழியும் காட்டும்.

வாய் திறக்க வெட்கப்படும் மாணவியின் விடையும் இதில் ஆசிரியருக்கு வந்துவிடும். இதுதான் இதன் சிறப்பு. ஆனால், ஆசிரியர் கேள்வியே கேட்காவிட்டால், டேப்லெட்டும் வெறும் கண்ணாடித் துண்டுதான்!

கசப்பு மருந்து

2014-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் விஞ்ஞானம், கணிதம், பொறியியல் வகுப்புகள். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் 100-க்குச் சுமார் 34 பேர் தோற்றார்கள். மாணவர்களும் பங்கெடுக்கும் வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 22 பேர்தான்.

வித்தியாசம் 12 பேர். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குடும்பத்தின் பணமும் நம்பிக்கையும் இருக்கின்றன.

2019-ம் ஆண்டில் வெளியான ஹார்வர்டு ஆய்வு இன்னொரு வேடிக்கையைக் காட்டியது. தாமே யோசித்துப் படித்த மாணவர்கள் அதிக மார்க் வாங்கினார்கள். ஆனால், "பேச்சைக் கேட்டபோதுதான் அதிகம் கற்றோம்" என்று நினைத்தார்கள்! நல்ல பேச்சைக் கேட்டால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே யோசித்தால் கஷ்டமாக இருக்கும். மருந்து கசக்கத்தான் செய்யும். ஆனால் அதுதான் நோயைத் தீர்க்கும்.

கல்லூரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "வாத்தியார் இன்று என்ன சொன்னார்?" என்று கேட்பது வழக்கம். அதோடு, "நீ என்ன சொன்னாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.