தராந்துலாச் சிலந்தியின் இயல்பும் வளர்ப்போர் கொள்ளும் மயக்கமும்

சென்ற ஆண்டு நமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து எனக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். அந்நகரில் நாயும் பூனையும் வளர்ப்பதற்கு இடம் வாயாதவருட் சிலர் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டு வளர்க்கின்றனர். தனியறையில் வாழும் அவரும் மெக்சிக்கோ நாட்டுச் செம்முழங்காற் சிலந்தி ஒன்றை விலைக்கு வாங்கினார். இரண்டு மாதம் வரை அஃது உணவைத் தொடவில்லை. பின்னர் ஒருநாட் காலை மல்லாந்து கிடக்கக் கண்டார். மாலைவரை பொறுத்துப் பார்த்து, இறந்தது எனத் துணிந்து, தாளிற் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டார். குப்பை வண்டி வந்து போன பின்னரே, மல்லாந்து கிடத்தல் இச்சிலந்திகளுக்குச் சாவின் குறியன்று என்பதை ஒரு நூலிற் கண்டார். “ஐயா, நான் அதை உயிரோடு எறிந்துவிட்டேனா?” என்பதே மடலின் இறுதியில் அவர் விடுத்த வினா.

யான் விலங்கியல் கற்றவனல்லன். வெளிவாரி மாணவனாயிருந்து கலைப் பட்டம் பெற்றவன். எனினும் அவர் என்னை வினாவியதற்குக் காரணம் உண்டு. அவர் சிறுவராய் என் வகுப்பில் இருந்த காலத்தில், தீப்பெட்டியுள் ஒரு சிலந்தியை வைத்துக்கொண்டு பாடத்தைக் கவனியாதிருந்தார். யான் அப்பெட்டியைப் பறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவர் அதனை மறந்திலர் போலும். ஆதலின் கைக்கு எட்டிய நூல்களைத் தேடிப் படித்து, அறிந்தவற்றை அவருக்கு எழுதினேன். அவையே ஈண்டுச் சற்று விரித்துரைக்கப்படுகின்றன.

முதற்கண் பெயரை நோக்குவாம். இத்தாலி நாட்டின் தென்பாலுள்ள தராந்தோ என்னும் ஊரின் பெயரால் தராந்துலா எனப்பட்டது வேறொரு சிலந்தி. ஓநாய்ச் சிலந்தி வகையைச் சேர்ந்தது. அது கடித்தால் ஆடித்தான் நஞ்சு தீரும் என்று அவ்வூரார் பண்டு நம்பினர். அமெரிக்கக் கண்டத்தை அடைந்த ஐரோப்பியர், ஆங்குக் கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கு அப்பெயரையே இட்டனர். இன்று அப்பெயரால் வழங்கும் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள. நாம் புலிமுகச் சிலந்தி என அஞ்சும் உயிரும் அக்குடும்பத்ததே. 2009 ஆம் ஆண்டு மாங்குளத்திற் கண்டெடுக்கப்பட்ட ஒன்று, 2012 இல் புதிய இனமென ஆய்வாளரால் விவரிக்கப்பட்டமை பலர்க்கும் நினைவிருக்கும்.

புதிதாக வளர்க்கத் தொடங்குவோரை முதலில் வருத்துவது இதன் அசைவின்மை. நாய்க்குட்டியை வளர்த்தவன், ஓடாததும் உண்ணாததும் நோய் என்றே எண்ணுவான். இச்சிலந்தியோ வளையின் வாயிலில் அமர்ந்து, இரை தன்னை நாடி வரும்வரை காத்திருக்கும் இயல்பினது. கண்கள் எட்டு இருந்தும் பார்வை குறைவு. நிலத்தின் அதிர்வைக் கால்மயிர்களால் உணர்ந்தே இரையை அறியும். வீணே நடமாடிற் கிடைப்பது பகையேயன்றி இரையன்று. ஆகவே பகல் முழுவதும், சிலவேளை பல நாள் தொடர்ந்தும், ஓரிடத்தில் இருத்தல் அதற்கு நலத்தின் அடையாளமே.

உண்ணாமையும் அத்தகையதே. அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இச்சிலந்திகளை நெடுங்காலம் ஆராய்ந்த பேர்க் என்னும் பேராசிரியர், வளர்ந்த சிலந்தி நீர் மட்டும் கிடைப்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் உணவின்றி உயிர்வாழ வல்லது எனக் கண்டார். சில்லி நாட்டு உரோசா வண்ணச் சிலந்தி பல மாத நோன்புக்குப் பெயர் பெற்றது. நம் மாணவர் செய்த தவறு, உண்ணாத சிலந்தியைக் கண்டு இரங்கி, மேலும் மேலும் சுவர்க்கோழிப் பூச்சிகளைப் பெட்டியுள் விட்டமையாகும். ஓரிரவுக்குள் உண்ணப்படாத பூச்சியை எடுத்துவிடல் வேண்டும். ஏனெனிற் சிலந்தி சட்டை கழற்றும் வேளையில், இரையாக விடப்பட்ட பூச்சியே அதன் மென்னுடலைக் கடித்துக் குதறுதல் உண்டு. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் என்றும் வற்றாதிருத்தல் வேண்டும்.

சட்டை கழற்றலைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். மடலிற் கண்ட துயர் நேர்ந்தது அதனை அறியாமையாலேயே. சிலந்தியின் புறத்தோல் அதன் எலும்புக்கூடு போல்வது, உடலோடு வளராது. ஆதலின் வளரும் பருவத்தில் அடிக்கடியும், முதிர்ந்த பெண் சிலந்தியாயின் ஆண்டுக்கு ஒரு முறையோ அதனினும் அரிதாகவோ அத்தோலைக் கழற்றல் இன்றியமையாதது. காலம் அணுகுங்கால் உணவை வெறுக்கும், நிறம் மங்கும், வளைவாயிலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். வயிற்றின்மேல் மயிர் உதிர்ந்து வெளிறியிருந்த இடம், உள்ளே வளர்ந்த புதுமயிர் தோற்றுதலாற் கருமை அடையும். பின்னர் நூலாற் பாய்போல் ஒரு விரிப்பை நெய்து, அதன்மேல் மல்லாந்து படுக்கும். மணிக்கணக்காக எவ்வித அசைவும் இராது. இந்நிலையிலேதான் அறியாதார் அதனைப் புரட்டுவதும், ஈர்க்காற் குத்திப் பார்ப்பதும், நீரைத் தெளிப்பதும். பிறகு முதுகோடு மூடி திறப்பதுபோல் விலகும். கால்கள் ஒவ்வொன்றும் பழைய உறையினின்று கையுறையிலிருந்து விரல் உருவப்படுவதுபோல மெல்ல வெளிப்படும். நச்சுப் பற்களும், உணவுப்பையின் உட்சுவரும் புதுப்பிக்கப்படுகின்றன. இழந்த காலும் சிறிதாக முளைத்துவரும். அப்பொழுது அதன் உடல் பச்சைக் குழந்தையின் உடலினும் மென்மையானது. ஒரு விரல் தொட்டாலும் கால் கோணிப்போகும், அல்லது பழைய தோலினுட் சிக்கி உயிர் போகும். பற்கள் வெண்ணிறம் நீங்கிக் கறுத்து இறுகும்வரை, பெருஞ்சிலந்தியாயின் இரண்டு கிழமையேனும், இரை கொடுத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் சாவின் குறி யாது? இங்கே இயற்கையின் பொறித்திறன் ஒன்று வியக்கத்தக்கது. சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகள் இரண்டில் மடக்குந் தசை உண்டு. நீட்டுந் தசை இல்லை. உடற்குருதியை அமுக்கிச் செலுத்தியே அது காலை நீட்டுகின்றது. பரி, பிரவுண் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் 1959 இல் இவ்வமுக்கத்தை அளந்து காட்டினர். ஆகவே உயிராற்றல் குன்றும்போதும், நீர் வற்றும்போதும் அமுக்கம் தாழ, கால்கள் யாவும் தாமே உட்புறமாகச் சுருண்டு வயிற்றின்கீழ் ஒடுங்கும். மூடிய கைவிரல்களை ஒக்கும் அத்தோற்றம், பெரும்பாலும் குப்புற நின்ற நிலையிலேயே நிகழ்வது. மல்லாந்து கால் பரப்பிக் கிடப்பது சட்டை கழற்றல். நிமிர்ந்தபடியே கால் சுருட்டுவது இறுதிக் காலம். நீர் வறட்சியே காரணமாயின், வாய்ப்புறம் நீரில் நனையுமாறு வைக்கச் சிலவேளை மீள்வதும் உண்டு.

சீற்றத்தைப் பற்றியும் சில கூறல் வேண்டும். முன்கால்களை உயர்த்திப் பற்களைக் காட்டி நிற்பது தாக்க விரும்பியன்று; நம்மை விலகச் சொல்லும் முறை அது. அமெரிக்க இனங்கள் பலவற்றுக்கு வேறொரு கருவியும் உண்டு. பின்காலால் வயிற்றைத் தேய்த்து, முள்போன்ற நுண்மயிர்களைக் காற்றில் தூவும். அமேசன் ஆற்றுப் பகுதியில் 1848 முதற் பதினொரு ஆண்டு உறைந்த பேட்ஸ் என்னும் இயற்கையறிஞர், முதன்முதல் ஒரு சிலந்தியைப் பாடம் செய்யப் புகுந்து அம்மயிர்களாற் பட்ட எரிச்சலைத் தம் நூலிற் குறித்துள்ளார். அவரே அந்நாட்டுச் சிறுவர் ஒரு பெருஞ்சிலந்தியின் இடையிற் கயிறு கட்டி, நாயைப்போல வீட்டினுள் நடத்திச் சென்றதைக் கண்டதாகவும் எழுதுகின்றார். தீப்பெட்டி கொணர்ந்த மாணவர்க்கு அவர்கள் உறவினர் போலும்! ஆயின் இம்மயிர் விளையாட்டன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் நகர வாசி ஒருவர் சிலந்திப் பெட்டியைத் துப்புரவு செய்கையில் மயிர்கள் கண்ணின் வெண்படலத்திற் புகுந்து, எடுத்தற்கும் இயலாது தங்கிய செய்தியை 2010 இல் லான்செற் என்னும் மருத்துவ ஏடு வெளியிட்டது. வயிற்றில் மயிரற்ற வழுக்கை தோன்றின் அது நோயன்று. சிலந்தி அடிக்கடி அச்சுறுத்தப்படுகின்றது என்பதற்குச் சான்றாம். வளர்ப்பவன் முகத்தை அது அறியாது. பழகப் பழக அன்பு கொள்வதும் இல்லை. இதனை ஒப்புக்கொள்ள மாட்டாதவர் முயலை வளர்ப்பது நன்று.

புதுப் பெட்டியில் இட்ட முதற் சில நாள் கண்ணாடிச் சுவரில் ஏறித் திரிவதும், உண்ட பின் வயிற்றைத் தாழ்த்திச் சுழன்று சுழன்று நூல் நெய்வதும், காலை ஒவ்வொன்றாக வாயிலிட்டுத் துடைப்பதும் வழக்கமானவை. நிலத்தில் வாழும் இனத்துக்குப் பெட்டி உயரமாயிருத்தல் மட்டும் கேடு. சிறிது உயரத்தினின்று வீழினும் கனத்த வயிறு பிளந்துவிடும். உயரத்தைக் குறைக்க அடியில் ஆழமாக நிரப்பப்படுவது பெரும்பாலும் தென்னந் தும்புச்சோறு. நம் நாட்டிலிருந்தும் ஏற்றுமதியாகும் அப்பொருளின்மேல் மெக்சிக்கோச் சிலந்தி இலண்டனிற் படுத்துறங்குதல் விந்தையே. ஆண் சிலந்தி இறுதியாகச் சட்டை கழற்றியபின் இரை வெறுத்து இரவெல்லாம் அலையும். அது துணை தேடும் வேட்கை. அதன்பின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் மடியும். பெண்ணோ இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். வாங்குவோர் இவ்வேறுபாட்டை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நம் புலிமுகச் சிலந்தியைப் பிடித்து வளர்க்கலாமோ என இதனைப் படிக்கும் மாணவர் எண்ணுதல் கூடும். அதற்குத் தூவும் மயிர் இல்லை. விரைவும் கடியுமே காவல். கடிபட்டார்க்குக் கடும் நோவும், சில நாள்வரை விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் நேர்கின்றன. அன்றியும் அவ்வினம் முழுவதும் 2019 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பழைய மரப்பொந்துகள் அழிய அழிய அதுவும் அருகி வருகின்றது. கூரையிற் கண்டால் நீண்ட தடியால் அகற்றி வெளியே விடுதலே அமையும்.

மாணவரின் வினாவுக்கு யான் மறைக்காது விடை எழுதினேன்: கால்கள் விரிந்து கிடந்தனவாயின், பெரும்பாலும் அஃது உயிரோடுதான் இருந்திருக்கும் என்று. அவ்விடையைக் கண்டு அவர் மனம் நொந்தார் எனத் தெரிகின்றது. ஆறு மாதம் வரை மடல் வரவில்லை. பின்னர் வந்த மடலில், வேறொரு செம்முழங்காற் சிலந்தியை வாங்கியிருப்பதாகவும், அன்று காலை அது நூல்விரிப்பின்மேல் மல்லாந்து கிடக்கக் கண்டதாகவும், விளக்கை அணைத்து அறைக்கதவைச் சாத்திவிட்டு வேலைக்குச் சென்றதாகவும், மாலையில் வந்து பார்த்தபோது பெட்டியினுள் இரண்டு சிலந்திகள் கிடந்தனபோல் தோன்றியதாகவும், அவற்றுள் ஒன்று வெறுந்தோல் என்றும் எழுதியிருந்தார்.