குழந்தைகளுக்கு ஓர் அட்டைத் தொலைக்காட்சி

விளையாட்டு என்பது குழந்தையின் முதற்பள்ளி. சிரட்டையில் மண்ணைப் போட்டுச் சோறு சமைக்கும் சிறுமி, தாயின் வேலையைத் தன் கைகளால் செய்து பார்க்கிறாள். குச்சியைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வரும் சிறுவன், பால் வெட்டும் தந்தையாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறான். கண்ணால் கண்டதைப் பாவனை செய்தே குழந்தை உலகத்தைப் புரிந்துகொள்கிறது. ஆதலால், வீட்டில் நாள்தோறும் காணும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அது பாவனை செய்ய விரும்புவதில் வியப்பில்லை.

அந்த விருப்பத்தை நல்ல வழியில் திருப்பிவிடப் பெற்றோரால் முடியும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் ஓர் அட்டைப்பெட்டியும், பழைய செய்தித்தாளும், ஆறு வெள்ளைத்தாள்களும், சிறிது மாவுப் பசையும் போதும். அவற்றைக் கொண்டு பாதுகாப்பான விளையாட்டுத் தொலைக்காட்சி ஒன்றைச் செய்யும் முறையையும், அதனால் விளையும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொலைக்காட்சியும் தோட்டப்புறமும்

நம் நாட்டில் தொலைக்காட்சிச் சேவை 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. அக்காலத்தில் தோட்டப்புற மக்களில் பலர் பொது மண்டபத்திலோ, பெட்டி வைத்திருந்த அண்டை வீட்டிலோ ஒன்றுகூடித்தான் படம் பார்த்தனர். படம் முடிந்ததும் அதைப் பற்றிய பேச்சு லயத்து வாசலில் நெடுநேரம் நடக்கும். சிறுவர்களும் அப்பேச்சில் கலந்துகொண்டனர்.

இன்று நிலைமை வேறு. தொலைக்காட்சி ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. கைப்பேசியோ குழந்தையின் கைக்கே வந்துவிட்டது. அழும் குழந்தையை அடக்கவும், சோறு ஊட்டவும், வேலை முடியும்வரை ஓரிடத்தில் உட்கார வைக்கவும் கைப்பேசியைக் கொடுப்பது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் பெற்றோரை இதற்காகக் குறை கூறுவது எளிது, அது நியாயமன்று. ஆயினும் அதன் விளைவை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இரண்டு வயது நிறையாத குழந்தை திரையின் முன் அமர்ந்து நேரங் கழிப்பதை அது பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரையைப் பார்க்கலாகாது. அதனினும் குறைந்தால் இன்னும் நன்று என்று அது கூறுகிறது.

இதன் காரணத்தை எளிதாக விளக்கலாம். நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 25 படங்கள் திரையில் தோன்றின. ஒவ்வொரு படமும் 625 கோடுகளால் ஆகியது. இவ்வளவு விரைவாகப் படங்கள் மாறும்போது, நம் பார்வை அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாமல் ஓர் அசைவாகவே உணர்கிறது. தொலைக்காட்சியின் சிறப்பு இதுவே. ஆனால், படம் குழந்தைக்காக நிற்பதில்லை. குழந்தை கேள்வி கேட்டால் பெட்டி பதில் சொல்வதில்லை. குழந்தை ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் திருத்துவதுமில்லை. பேச்சு என்பதோ கேட்பதாலும் பதில் சொல்வதாலும் வளர்வது. முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் குழந்தை, தான் கண்டதை நான்கு வாக்கியங்களில் கோவையாகச் சொல்லத் தெரியாமல் நின்றால், படிப்பதும் எழுதுவதும் அதற்குப் பெருஞ்சுமையாகிவிடும்.

அட்டைத் தொலைக்காட்சியில் குழந்தை திருகினால்தான் படம் நகரும், நிறுத்தினால் நிற்கும். அந்தப் பெட்டிக்குக் குரல் இல்லை. ஆகவே கதையைக் குழந்தையே சொல்லியாக வேண்டும்.

பழைய மரபு

சுருளைத் திருப்பிக் கதை சொல்வது புதிய வழக்கமன்று. ஜாவாத் தீவில் 'வாயாங் பெபெர்' என்னும் கலை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரு கோல்களில் சுற்றிய நீண்ட ஓவியச் சுருளை விரித்து, காட்சி காட்சியாக நகர்த்திக்கொண்டே 'தாலாங்' எனப்படும் கதைசொல்லி கதையைக் கூறுவார். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்னும் நிறுவனம் 1866-ஆம் ஆண்டளவில், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் காட்சிகளைச் சுருளாக்கி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துத் திருகிப் பார்க்கும் விளையாட்டுப் பொருளை விற்றது. ஜப்பானில் படத்தாள்களை மரச்சட்டத்தில் மாற்றி மாற்றிக் காட்டித் தெருவில் கதை சொல்லும் 'கமிஷிபாய்' 1930-ஆம் ஆண்டுகளில் பெரும் புகழ் பெற்றிருந்தது. அங்குத் தொலைக்காட்சி வந்தபோது மக்கள் அதனை 'மின்சாரக் கமிஷிபாய்' என்று அழைத்தனர். ஆக, திரை வருமுன்னரே சுருளும் படத்தாளும் இருந்தன. அவற்றின் அருகில் பேசுவதற்கு ஒருவர் இருந்தார்.

செய்யும் முறை

1. பெட்டி: ஏறத்தாழ 28 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள பிஸ்கட் அட்டைப்பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்பக்கத்தின் நடுவில் 18 செ.மீ. அகலமும் 13.5 செ.மீ. உயரமும் உள்ள சாளரத்தை வெட்டுங்கள். நான்குக்கு மூன்று என்ற இந்த அளவு, பழைய தொலைக்காட்சித் திரையின் அளவு விகிதமே ஆகும். வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். வெட்டிய ஓரங்களில் தாளை மடித்து ஒட்டிவிட்டால் விரலைக் கீறாது.

2. கோல்கள்: பழைய செய்தித்தாள்களை இறுக்கமாகச் சுருட்டி, பசை தடவி, 2 செ.மீ. தடிமனும் 34 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு கோல்களைச் செய்யுங்கள். அச்சுமை கையில் படாதிருக்க அவற்றின்மேல் வெள்ளைத்தாளைச் சுற்றி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். மூங்கிற் குச்சியைவிட இது சிறந்தது, சிலாம்பு ஏறாது.

3. துளைகள்: பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் நேருக்கு நேராகத் துளையிடுங்கள். ஒரு சோடி, சாளரத்தின் மேல் விளிம்பிற்கு 4 செ.மீ. மேலேயும், மற்றொரு சோடி கீழ் விளிம்பிற்கு 4 செ.மீ. கீழேயும் இருத்தல் வேண்டும். முன்பக்கத்திலிருந்து உள்நோக்கி 4 செ.மீ. தள்ளி இடுங்கள். கோலைவிடத் துளை சற்றே பெரியதாக, 2.3 செ.மீ. அளவில் இருந்தால் கோல் தடையின்றிச் சுழலும்.

4. திருகுகள்: கோல்களைத் துளைகளில் செருகிய பின், 6 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டங்களை, நான்கு ஐந்தாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தடிப்பாக்கி, கோல்களின் நான்கு முனைகளிலும் ஒட்டுங்கள். வலப்பக்கத்தில் இருப்பவை திருகுகளாகப் பயன்படும். இடப்பக்கத்தில் இருப்பவை கோல் கழன்று வராமல் காக்கும்.

5. படச்சுருள்: 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் கொண்ட சாதாரண வெள்ளைத்தாள்கள் ஆறு தேவை. நான்கு தாள்களை நடுவில் மடித்துத் தாளுக்கு இரண்டாக எட்டுப் படங்களை வரையுங்கள். ஓரங்கள் சாளரத்திற்குப் பின் மறைந்துவிடுமாதலால், நாற்புறமும் சிறிது இடம் விட்டு வரைய வேண்டும். தாள்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, ஒரு செ.மீ. மேற்படிய ஒட்டுங்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு வெற்றுத்தாளைச் சேர்த்தால், ஏறத்தாழ 173 செ.மீ. நீளமுள்ள சுருள் கிடைக்கும்.

6. பொருத்துதல்: பெட்டியின் பின்புறத்தைத் திறந்து, சுருளின் கீழ் முனையைக் கீழ்க்கோலில் ஒட்டி முழுவதையும் அதில் சுற்றுங்கள். மேல் முனையைச் சாளரத்தின் பின்புறமாக மேலே கொண்டுசென்று மேற்கோலில் ஒட்டுங்கள். மேல் திருகைச் சுழற்றினால் முதற்படம் சாளரத்தில் எழும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்குச் செல்ல இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். கீழ்த்திருகை மற்றொரு கை இலேசாகப் பிடித்திருந்தால் தாள் தொய்யாது. புதிய கதை வேண்டுமானால், வெற்றுத்தாள்களைக் கோலிலேயே விட்டுவிட்டு, நடுவில் உள்ள படத்தாள்களை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் கவனம்

விளையாட்டுப் பொருள் எவ்வளவு அழகாக இருப்பினும், பாதுகாப்பற்றதாயின் அதனைக் குழந்தையிடம் கொடுக்கலாகாது. கீழ்க்காணும் எச்சரிக்கைகளைப் பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, களைக்கொல்லி, பூச்சிமருந்து, உரம், அமிலம் ஆகியவை வந்த பெட்டிகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். தோட்டப்புறங்களில் இவை எளிதில் கிடைக்கக்கூடும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் மற்ற மருந்துகளும் நச்சுத்தன்மை உடையவையே. அட்டையில் ஊறிய மருந்து கண்ணுக்குத் தெரியாது. குழந்தையோ கையை வாயில் வைக்கும்.

இரண்டாவதாக, பழுதடைந்த உண்மையான தொலைக்காட்சிப் பெட்டியின் கூட்டை எடுத்து விளையாட்டுக்கு விடாதீர்கள். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நாடு முழுவதும் முற்றாக நிறுத்தப்பட்டது. அத்தகைய பழைய பெட்டி ஏதேனும் வீட்டின் பின்புறத்தில் கிடக்குமாயின், குழந்தைகள் அதனை நெருங்க விடாதீர்கள். வண்ணப் பெட்டியின் படக்குழாய் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்கியது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். குழாய் காற்று நீக்கப்பட்டது. உடைந்தால் கண்ணாடிச் சில்லுகள் தெறிக்கும். அக்கண்ணாடியில் ஈயமும் கலந்துள்ளது.

மூன்றாவதாக, சிறு பொருள்கள் எதனையும் ஒட்டாதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு குழாயைப் பயன்படுத்துவர். அதனுள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம் என்று கொள்வர். நம் திருகின் அளவை 6 செ.மீ. என்று வைத்ததற்குக் காரணம் இதுவே. பொத்தான், பாசிமணி, போத்தல் மூடி ஆகியவற்றைத் திருகாக ஒட்டுவது ஆபத்து. அழகுக்காக ரப்பர் விதையை ஒட்டுவதும் கூடாது. பச்சை விதையில் நஞ்சும் உண்டு.

நான்காவதாக, பெட்டிக்குள் வெளிச்சம் வேண்டும் என்று மெழுகுவர்த்தியோ விளக்கோ வைக்காதீர்கள். தாளும் அட்டையும் நொடியில் பற்றிக்கொள்ளும். காசு போன்ற வட்ட மின்கலம் உள்ள சிறு விளக்குகளும் வேண்டா. அம்மின்கலத்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாய் வெந்து புண்ணாகக்கூடும். பகல் வெளிச்சமே இந்தத் தொலைக்காட்சிக்குப் போதும்.

ஐந்தாவதாக, ஆணி, குண்டூசி, தாள் தைக்கும் கம்பி ஆகியவற்றைத் தவிர்த்து மாவுப் பசையை மட்டும் பயன்படுத்துங்கள். மரவள்ளி மாவையோ கோதுமை மாவையோ நீரில் கரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும். வீட்டுச் சாயத்தைப் பூசாதீர்கள்; மாணவர் வண்ணக்குச்சிகள் போதும். கழுத்தில் மாட்டும்படி நீண்ட கயிறு கட்டாதீர்கள். சாளரத்தை மூட நெகிழித்தாளும் தேவையில்லை. பெட்டியைத் தரையிலோ தாழ்வான பலகையிலோ வையுங்கள். விளையாட்டுப் பெட்டி மேசைமேல் இருந்தால், குழந்தை மேசையில் ஏறப் பழகும். பின்னர் உண்மைப் பெட்டியின் மீதும் ஏறும். கனமான தொலைக்காட்சி சரிந்து விழுந்து குழந்தைகள் உயிரிழந்தது பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது.

எந்தக் கதையை வரைவது?

குழந்தை அறிந்த வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே நன்று. எடுத்துக்காட்டாக, ரப்பர் மரத்தின் கதையை எட்டுப் படங்களில் கூறலாம். வெயிலில் காய் 'படார்' என வெடித்து விதை சிதறுவது முதற்படம். ஈரமண்ணில் விதை முளைவிடுவது இரண்டாவது. நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டுவது மூன்றாவது. கன்றை நடுவது நான்காவது. மரம் ஓங்கி வளர்ந்து நிற்பது ஐந்தாவது. பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதைக் குழந்தை இங்கே அறியும். விடியற்காலைப் பெரட்டு முடிந்து, மரத்தை வெட்ட, மங்கில் பால் சொட்டுவது ஆறாவது. வாளியில் பாலைச் சேர்த்துக்கொண்டு செல்வது ஏழாவது. கையுறை, சக்கரம், பந்து ஆகியவை எட்டாவது. செம்பனைத் தோட்டத்தில் வாழ்வோர், குலை வெட்டுவதிலிருந்து எண்ணெய் ஆலைவரை உள்ள கதையை இவ்வாறே வரைந்துகொள்ளலாம். படம் அழகாக அமைய வேண்டிய தேவையில்லை. குழந்தையே வரைந்தால் மேலும் சிறப்பு.

விளையாடும் முறை

முதல் நாள் பெற்றோர் கதை சொல்லட்டும், குழந்தை திருகட்டும். மறுநாள் பெற்றோர் திருகிக் குழந்தையைச் சொல்லவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நிறுத்தி, "இது யார்? என்ன செய்கிறார்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை ஒரே சொல்லில் பதில் கூறினால், அதனையே முழு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். 'பால்' என்று அது கூறினால், 'ஆமாம், மங்கில் பால் சொட்டுகிறது' என்று சொல்லலாம். குறுக்கிட்டுத் திருத்துவதைவிட இது பயன் தரும். சுருளைப் பின்னோக்கிச் சுழற்றினால் மரம் மீண்டும் விதையாகும். குழந்தைகள் இதில் பெரிதும் மகிழ்வர். 'முன்', 'பின்', 'முதலில்', 'பிறகு' ஆகிய சொற்களின் பொருளும் அவர்களுக்குத் தெளிவாகும்.

பத்து நிமிடம் இருந்தாலும் போதும். வேலையிலிருந்து திரும்பிய தாய் அரிசி களையும்போதே கேள்வி கேட்கலாம். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருப்பின், தாம் பால் வெட்டிய காலத்துச் செய்திகளைப் படங்களோடு சேர்த்துச் சொல்லலாம். பாலர் பள்ளி ஆசிரியைகள் இரு குழந்தைகளைச் சேர்த்து, ஒருவர் திருக, மற்றவர் அறிவிப்பாளராகப் பேசும்படி செய்யலாம். மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு இது ஏற்றது. அதற்கும் இளைய குழந்தைகள் பெரியவர் மடியில் அமர்ந்து பார்க்கட்டும்.

அட்டைப்பெட்டி சில மாதங்களில் நைந்துபோகும். அப்போது அதனைக் களைந்துவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம். தோட்டப்புறப் பெற்றோர்கள் வரும் விடுமுறை நாளில் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இதனைச் செய்து பார்ப்பார்களாக. பள்ளிக்குச் செல்லுமுன்னரே தம் எண்ணத்தைத் தமிழில் தடையின்றிச் சொல்லப் பழகிய பிள்ளைகள், வகுப்பறையில் முன்வந்து பேசுவார்கள்.