சிறு காமிராவின் குணமும் குற்றமும்

நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்தழகும் வகுத்துரைத்தார் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். நூலை ஆராய்தற்கு அமைந்த இம்முறை கருவிகளை ஆராய்தற்கும் ஏற்றதேயாகும். அங்காடியில் விற்போன் குணத்தையே கூறுவான். வாங்கி மனம் சலித்தோன் குற்றத்தையே கூறுவான். இருவர் கூற்றையும் ஒருங்கே வைத்து, அக்குணமும் குற்றமும் எங்கிருந்து பிறந்தன என்று காண்பதே ஆராய்ச்சி எனப்படும். மாணவர் முதன்முதற் கையாளுதற்குரிய கையடக்கமான டிஜிட்டல் காமிராவை இம்முறையில் ஈண்டு ஆராய்வோம்.

மதுரை மாநகர் காமிராவுக்குப் புதியதன்று. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராய் விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர், 1858ஆம் ஆண்டில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள். படம் ஓரடிக்கு மேல் அகலமுடையது. அத்தாளை உள்ளடக்க வேண்டியிருந்தமையால் காமிராவும் பெரும்பெட்டியாகவே இருந்தது. தாளில் ஒளி பதிய நெடுநேரம் ஆயிற்று. அவ்வாண்டிலேயே அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக இணைத்தார். கல்லெழுத்தைக் காமிராவால் காக்கலாம் என்பதை நம் நாட்டிற் காட்டிய அரிய செயல் இது.

தாளும் படச்சுருளும் இல்லாத காமிரா 1975ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் அதனை அமைத்தார். அதன் எடை 3.6 கிலோகிராம், ஒரு படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன, அப்படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடி சென்றது. 2014ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட டபிள்யூ 800 என்னும் தொடக்க நிலைக் காமிராவையோ சட்டைப்பையில் இட்டுக்கொள்ளலாம். எடை ஏறத்தாழ 125 கிராம். படப்புள்ளிகள் 2 கோடி. நாம் ஆராயவிருப்பது இத்தகைய காமிராவையே.

இதன் உயிர்நிலை ஒளியுணரி என்னும் சிறு தகடு. வில்லை வழியே புகும் ஒளி அதன்மேல் விழுந்து மின்னாக மாறுகின்றது. சிறு காமிராக்களில் இத்தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமும் 4.5 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. தொழிலர் கையாளும் பெருங்காமிராவின் தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பிலே ஏறத்தாழ முப்பது மடங்கு பெரிது. சிறு காமிராவின் குணங்களும் குற்றங்களும் பெரும்பாலன இவ்வொரு சிறுமையினின்றே தோன்றுகின்றன.

முதலிற் குணம். தகடு சிறிதாகவே வில்லையும் சிறிதாயிற்று. வில்லை சிறிதாகவே கருவி முழுதும் இலேசாயிற்று. இதனைச் சிறிய நன்மையென்று எண்ணற்க. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலைமீது ஏறுவோர்க்கு இதன் அருமை விளங்கும். பாறைச் சரிவில் கைகள் இரண்டும் ஓய்வாக இருத்தல் வேண்டும். கழுத்தில் ஒரு படி அரிசியளவு எடை தொங்குமாயின் ஏறுவது துன்பம். மேலும், சிறு தகட்டுக்குரிய வில்லை, அண்மையிலுள்ள பொருளையும் சேய்மையிலுள்ள பொருளையும் ஒருங்கே தெளிவாகக் காட்டும். முன்வரிசையில் நிற்கும் நண்பனும் பின்னேயுள்ள யானைமலையும் ஒரே படத்தில் தெளிவாக விழும். தொடக்க நிலை மாணவனுக்கு இது பெருந்துணை.

இனிக் குற்றம். மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் பல சிமிழ்களையும் வைப்போம். பெருமழையாயின் இரண்டும் நிறையும். சிறுதூறலிலோ, அண்டாவிற் போதிய நீர் சேரும். சிமிழ்களில் ஒன்றில் நான்கு துளி விழும், அடுத்ததில் ஒன்றே விழும், மற்றொன்றில் ஒன்றும் விழாது. ஒளியும் இத்தன்மையதே. இரண்டு கோடிச் சிமிழ்களை நகத்தினும் சிறிய இடத்தில் நெருக்கி வைத்தால், மங்கிய ஒளியில் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவே பெறும். அதனாற் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் மிகுந்தால் படம் சிறக்கும் என்னும் விற்பனை உரையை இதனால் மதிப்பிடுக. ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள அச்சுப் படத்துக்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி என்று கொள்ளினும், 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகளே போதும்.

இக்குற்றம் முழுவடிவில் வெளிப்படும் இடம் சித்திரைத் திருவிழாவாகும். கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வேளை விடியற்காலம், ஒளி குறைவு. பெருங்கூட்டத்தில் நாம் நிற்பதோ நெடுந்தொலைவில். ஆகவே வில்லையை நீட்டிப் பொருளை அணுகக் காட்ட வேண்டும். மேற்கூறிய காமிராவில் வில்லையை முழுதும் நீட்டினால், நீட்டாதபோது புகுந்த ஒளியில் நாலில் ஒரு பங்கே புகும். குதிரை வாகனமோ தோள்களின்மேல் அசைந்து வருகின்றது. ஒளியும் குறைந்து, வில்லையும் நீண்டு, பொருளும் அசைந்தால், இச்சிறு கருவி என் செய்யும்? படம் கலங்கியே விழும். அவ்வேளையில் வில்லையை நீட்டாது, ஆற்றையும் மக்கள் வெள்ளத்தையும் சேர்த்து எடுப்பதே அறிவுடைமை.

நீட்டுதலிலும் இருவகை உண்டு. வில்லை நகர்ந்து நீட்டுதல் மெய்யான நீட்சி. அவ்வெல்லையைக் கடந்தபின் கருவி தானே படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும்; இதனை டிஜிட்டல் ஜூம் என்பர். புதிய செய்தி ஒன்றும் இதில் இல்லை. நன்னூலார் வகுத்த குற்றங்களுள் இதனைக் கூறியது கூறல் என்பதன்பாற் படுத்தலாம். இவ்வசதியைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுக.

கல்வெட்டைப் படமெடுக்க விரும்புவோர் அறிய வேண்டுவது மற்றொன்று. கல்லில் வெட்டிய எழுத்தை நாம் அதன் நிழலாலேயே படிக்கின்றோம். சிறு காமிராவில் மின்னொளி விளக்கு வில்லைக்கு மிக அருகில் உள்ளது. அவ்வொளி நேரே சென்று பாய்வதால் நிழல் அழிந்து, எழுத்தும் மறைந்துபோம். சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழுள்ள வட்டெழுத்துகளை அவ்வாறு எடுத்தவன், வெறும் பாறையையே கொண்டு திரும்புவான். மின்னொளியை நிறுத்திவிட்டு, வெயில் பக்கவாட்டிற் சாய்ந்து விழும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அல்லது துணைவன் ஒருவன் கைவிளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கத்தே பிடிக்க, அவ்வொளியில் எடுக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலும் இருத்தல் நன்று. எழுத்து விளங்கவேண்டுமென்று சுண்ணக்கட்டி தேய்ப்பார் சிலர். அது பழம்பொருளுக்குச் செய்யும் கேடு. இம்முறையறிந்து எடுப்பின், இக்காமிரா பெருங்காமிராவுக்குப் பெரிதும் பின்னிடாது; கல் அசைவதில்லை, நாமும் பொறுத்திருக்கலாம்.

பட்டப்பகலிலும் ஓர் இடர் உண்டு. கண்ணை வைத்து நோக்கும் துளை இத்தகைய காமிராக்கள் பலவற்றில் இல்லை; பின்புறத் திரையையே நோக்க வேண்டும். சித்திரை வெயிலில் அத்திரை கண்ணாடிபோல் மின்னி நம் முகத்தையே காட்டும். தொப்பியாலோ கையாலோ நிழல் செய்துகொள்க.

கைப்பேசியிலேயே காமிரா இருக்க இஃது எதற்கு என்று வினவலாம். வினா நியாயமானதே. இன்றைய நல்ல கைப்பேசிகள், இருளிற் பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்கும் ஆற்றலுடையன. மங்கிய ஒளியில் அவை இச்சிறு காமிராவை வெல்லும். ஆயினும் விலை குறைந்த கைப்பேசிகளில் மெய்யான நீட்சி அரிது. அழைப்பும் செய்தியும் குறுக்கிடாமல், ஒரு பொருளையே நின்று நோக்கப் பழகும் மாணவனுக்குத் தனிக்கருவி ஏற்றது என்பது என் கருத்து.

இக்காலத்தில் இத்தகைய காமிராக்கள் புதியனவாகக் கிடைப்பது குறைந்து, ஒருவர் பயன்படுத்தியவையே மிகுதியாகக் கைம்மாறுகின்றன. வாங்குமுன் கடை வாயிலில் ஒரு படமும், உள்ளே மங்கிய மூலையில் ஒரு படமும், வில்லையை முழுதும் நீட்டி ஒரு படமும் எடுத்து, கணினித் திரையிற் பெரிதாக்கிக் காண்க. பொத்தானைப் பாதி அழுத்திக் கருவி பொருளைத் தெளிந்தபின் முழுதும் அழுத்துக; தாமதம் எவ்வளவென்பது அப்போது விளங்கும். இறுதியாக, வில்லைக் குழல் வெளிவந்து உள்ளே செல்லும்போது செவிகொடுத்துக் கேட்க வேண்டும். ஆடிக்காற்றின் புழுதியும் வைகை மணலும் புகுந்திருந்தால், குழல் நறநறவென்று ஒலிக்கும். அதனை விலை குறைத்துத் தரினும் வாங்கற்க.